தண்ணீர் மாற்றுவது யார்?

வலது கை ரப்பர் குழாயின் ஒரு நுனியை ஜாடிக்குள் மெதுவாக இறக்கியது. மீனைத் தொடாமல் ஓரமாகவே இறங்கி, அடியில் தூசு போலப் படிந்திருந்த கழிவுக்கு மேல் நுனி நின்றது. இடது கை மறுநுனியைத் தரையிலிருந்த வாளிக்குள் பிடித்துக்கொண்டது. குழாயில் முன்பே தண்ணீரை நிரப்பிக் கட்டைவிரலால் அடைத்து வைத்திருந்ததால் வாயால் உறிஞ்ச வேண்டிய வேலை இல்லை. விரலை எடுத்ததும் பழைய தண்ணீர் இறங்கியது. ஜாடி பாதியானதும் விரல் மறுபடி அடைத்தது. முந்தின நாளே பிடித்து ஆறவைத்த தண்ணீரைக் குவளையில் மொண்டு, மீன் மிரளாதபடி ஜாடியின் சுவரோடு வழியவிட்டது கை. நீல மீன் செவுளை விரித்து ஒருமுறை முறைத்துவிட்டு அடங்கியது. பக்கத்து ஜாடிக்கும் இதற்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகியாயிற்று. ஃபைட்டர் மீன்கள் ஒன்றையொன்று பார்த்தால் கண்ணாடியில் முட்டி மோதி உடம்பைக் கெடுத்துக்கொள்ளும். அடுத்த ஜாடி.

மீன்களின் சொந்தக்காரர், மீன் வளர்ப்போர் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர், மூன்று முறை கண்காட்சிப் பரிசு வாங்கிய லிப்ட் மெக்கானிக். இந்தக் கைகள் அவருடையவை அல்ல. அவருடைய மனைவியின் கைகள். சொந்தக்காரர் அந்த நேரத்தில் மாலைக் கல்லூரியின் மேல்மாடி வகுப்பில் உட்கார்ந்து, மனிதன் தன் ஓய்வு நேரத்தை எப்படிச் செலவிடுகிறான் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் இளைஞராக இருந்தபோது சமூகவியல் படித்தார். கடைசி வருடத்தில் லிப்ட் கம்பெனியில் வேலை கிடைத்தது. பட்டத்தைக் கல்லூரி என்றைக்காவது தரும். சீருடையும் பூட்ஸும் கம்பெனி நாளைக்கே தரும். அவர் பூட்ஸைத் தேர்ந்தெடுத்தார். அதன் பிறகு அடுக்குமாடி, ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று நகரத்தில் மேலும் கீழும் போகிற பெட்டிகளில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்வதற்கென்று ஒரு சகலை இருந்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர், பட்டதாரி, அதை எந்த விருந்திலும் மறக்காதவர்.

"அண்ணே, நீங்க மட்டும் அன்னைக்கு முடிச்சிருந்தா, எங்கேயோ போயிருப்பீங்க."

"எங்கேன்னு சொல்லுங்களேன்."

"மேலதான்!"

"மேலதானே தினமும் போயிட்டு வரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பழைய மதிப்பெண் பட்டியல்களைத் தேடி எடுத்தார். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் திரும்ப வரலாம் என்று கல்லூரி அறிவித்தபோது முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றார். ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கல்வியாண்டுக்குள் மீதியை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் இளமையில் தேறிய பாடங்கள் அத்தனையும் ரத்து. பாதிப் பட்டதாரியாக இத்தனை வருடம் இருந்தவர் பள்ளிக்கூடத்தோடு நின்றவராகிவிடுவார். சகலைக்கு அது தெரிந்தால் மிச்ச ஆயுளுக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே மாணவர் ஆலோசகர் அவரை அழைத்தார். மீசை இன்னும் சரியாக முளைக்காத ஆலோசகர்.

"வேலை, படிப்பு, இதுக்கு நடுவுல உங்க ஹாபியை மட்டும் விட்டுடாதீங்க சார். விட்டா மனசு சோர்ந்து போயிடும். என்ன ஹாபி உங்களுக்கு?"

"மீன் வளர்க்கிறேன். மவுத் ஆர்கன் வாசிப்பேன். மொட்டைமாடியில கள்ளிச்செடி வெச்சிருக்கேன்."

"பிரமாதம்!" என்ற ஆலோசகர் அவருக்கு ஒரு நேர அட்டவணை போட்டுக் கொடுத்தார். வேலை சிவப்பு, படிப்பு நீலம், பொழுதுபோக்கு பச்சை. லிப்ட்காரர் அதைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினார். பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் மகள் தண்ணீர் எடுக்க வந்தவள் அதைக் கொஞ்ச நேரம் படித்தாள்.

"அப்பா, சமையல் எந்தக் கலர்?"

"அது... பொதுவா இருக்கும்."

"பொதுவான்னா?"

"வெள்ளையா விட்டிருக்கு பாரு."

உண்மைதான். அட்டவணையில் வெள்ளையாக விட்டிருந்த இடங்களிலெல்லாம் அவர் மனைவி இருந்தார். பச்சை அடித்த இடங்களிலும் பெரும்பாலும் அவரே இருந்தார். கண்ணாடிக்கடையில் பகல் முழுக்க மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்துவது அவர் வேலை. விளிம்பைத் தேய்த்து, சட்டத்தில் அமர்த்தி, கண்ணுக்குத் தெரியாத திருகாணியை முடுக்க வேண்டும். அந்தக் கைப்பக்குவம் மீன் ஜாடிகளுக்கும் ஒத்துவந்தது. முதல் நாள் லிப்ட்காரர் கல்லூரிக்கு ஓடும்போது, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோ" என்றார். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

மவுத் ஆர்கனை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. ஆகவே அது மட்டும் அவரிடமே இருந்தது, அண்டைவீட்டார் பெருமூச்சோடு. கள்ளிச்செடிகளை அவர் அடியோடு மறந்துவிட்டார். மறந்துவிட்டதால் அவை செழித்தன. அதையும் தன் பராமரிப்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கல்லூரியில் அவருக்குப் பெயர் கிடைத்தது. உடன் படித்த பிள்ளைகள் அவரை அங்கிள் என்றார்கள். கல்லூரி இதழில் பேட்டி வந்தது. அட்டைப்படத்தில் நீல மீனின் ஜாடியை மார்போடு அணைத்தபடி நின்றார். "வேலை, படிப்பு, பொழுதுபோக்கு மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு, "எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. மனசு வைத்தால் போதும்" என்று பதில் சொல்லியிருந்தார். இதழை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினார்.

மனைவி படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஜாடி நல்லா பளபளன்னு இருக்கு" என்றார். அவ்வளவுதான். பாராட்டு என்றே லிப்ட்காரர் எடுத்துக்கொண்டார்.

பரீட்சைகளை ஒருவழியாகத் தாண்டினார். மிச்சம் இருந்தது ஓர் ஆய்வறிக்கை மட்டும். தலைப்பை அவரே தேர்ந்தெடுத்தார்: உழைக்கும் நகர மக்களின் ஓய்வு நேரம். கேள்விகள் தயாரித்தார். நகர மக்களை எங்கே தேடுவது என்று ஒரு நிமிடம்தான் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடை மாடியில் சங்கக் கூட்டம். எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், டீயும் பிஸ்கட்டும் உண்டு. உறுப்பினர்கள் அனைவரும் ஆர்வமாகப் பதில் சொன்னார்கள். சிலர் கேள்வியே இல்லாத இடத்திலும் பதில் சொன்னார்கள். அறிக்கையைத் தடித்த அட்டை போட்டுக் கட்டி, ஆய்வு முறை நடத்தும் விரிவுரையாளரின் மேஜையில் வைத்தார்.

அந்த மேடத்துக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். இரண்டு பேருமே சற்றுக் கூச்சத்தோடுதான் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு மேடம் அறிக்கையைத் திறந்து, கடைசிப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து முதல் பக்கத்துக்கு வந்து, மறுபடி கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்."

"கேளுங்க மேடம்."

"உழைக்கும் நகர மக்கள் அனைவரும் ஓய்வு நேரத்தில் மீன் வளர்க்கிறார்கள். அப்படின்னு முடிவுல எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

"பெரும்பாலோர் ஃபைட்டர் வளர்க்கிறார்கள்."

"அது எதிர்பார்த்ததுதான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இந்த ஊர்ல மீன் வளர்க்காத ஆளே இல்லையா சார்?"

"இருப்பாங்க மேடம். அவங்களை எனக்குப் பழக்கம் இல்லை."

"நான் வளர்க்கலை."

"நீங்க கவலைப்படாதீங்க. ஒரு ஜோடி நான் தரேன்."

மேடத்துக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று ஒரு கணம் தடுமாற்றம். பிறகு இரண்டையும் விட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். "சார், மீன் சங்கத்துல போய் 'பொழுதுபோக்கு என்ன'ன்னு கேட்டா மீனுன்னுதான் வரும். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு ஊர்ல எல்லாருக்கும் காய்ச்சல்னு எழுதின மாதிரி இருக்கு. இதை என்னால ஏத்துக்க முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மூடுறதுக்குள்ள திருத்திக் கொண்டாங்க."

"கொண்டுவராட்டி?"

"உங்களுக்கே தெரியும். பழைய பாடமெல்லாம் போயிடும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இதுல நான் கையெழுத்துப் போட்டா, அடுத்த வருஷம் எவனாவது கிரிக்கெட் டீமை மட்டும் கேட்டுட்டு வந்து நிப்பான்."

மேடம் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் லிப்ட்காரரை இன்னும் எரிச்சலாக்கியது. நியாயம் இல்லாமல் பேசியிருந்தால் வீட்டுக்குப் போய் மவுத் ஆர்கன் வாசித்திருக்கலாம்.

மறுநாள் முதல் அவர் வேலைக்குப் போன இடமெல்லாம் ஆய்வுக்களமானது. ஓர் அடுக்குமாடியில் கதவு சரியாக மூடாத லிப்டைப் பார்க்கப் போனார். மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், கையில் ஸ்பேனரோடு கேட்டார்.

"ஏம்மா, உங்களுக்கு ஓய்வு நேரம் எப்போ?"

"லிப்ட் நின்னு போச்சுன்னா."

"அப்படின்னா?"

"லிப்ட் ஓடலைன்னா அஞ்சாவது மாடிக்கு மேல துடைக்க வர வேண்டாம்னு சொல்லிருவாங்க. வாளியைத் தூக்க முடியாதுல்ல. நான் பாட்டுக்கு இந்தப் படியில காலை நீட்டி உட்காருவேன்." அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "எங்க உட்கார விடுறீங்க? ஒரு மணி நேரத்துல வந்து சரி பண்ணிடுறீங்களே."

வாசல் காவலாளியிடம் போனார். "எனக்கு டியூட்டியே ஓய்வுதான் சார். என்ன, நின்னுக்கிட்டே எடுக்கணும்" என்றார் அவர். மேல்மாடியில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், கேள்வியைக் கேட்டதும் அதைத் திருப்பிக் கேட்டார்: "ஓய்வா? யாருக்கு? எனக்கா?" பிறகு உள்ளே பார்த்து, "ஏங்க, உங்களைத்தான் யாரோ கேட்கிறாங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். கணவர் வந்து, சீட்டு விளையாடுவேன், படம் பார்ப்பேன், சும்மா படுத்திருப்பேன் என்று வரிசையாகச் சொன்னார்.

போன இடமெல்லாம் இதே கதை. ஆண்களைக் கேட்டால் பதில் வந்தது. பெண்களைக் கேட்டால் பதிலுக்குக் கேள்விதான் வந்தது. லிப்ட்காரருக்கு இது விளங்கவில்லை. பெண்களுக்குக் கேள்வி புரியவில்லை போலிருக்கிறது, இன்னும் எளிமையாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார். யாரையாவது வைத்துக் கேள்வியைச் சோதித்துப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வந்தார். வகுப்பு இல்லாத நாள், வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார்.

மனைவி ஜாடி வரிசைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, குழாயும் கையுமாக இருந்தார். ஓரத்துத் தொட்டியில் பாதியாக வெட்டிய தெர்மாகோல் கப் ஒன்று கவிழ்ந்து மிதந்தது. அதன் அடியில் ஆண் மீன் நுரையால் கூடு கட்டி, முட்டைகளைக் காவல் காத்தது. கீழே நழுவும் முட்டையை வாயில் கவ்வி மறுபடி நுரையில் ஒட்டும். இந்த ஜாதியில் பிள்ளை வளர்ப்பது அப்பன் வேலை. அதைப் பற்றி லிப்ட்காரர் சங்கத்தில் உருக்கமாக ஓர் உரையே நிகழ்த்தியிருக்கிறார். அந்த உரை நிகழ்த்திய அன்றைக்கு மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அதற்கு மனைவி போயிருந்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா? உன்னையும் கேட்கணும்."

"கேளுங்க. கைதான் வேலையா இருக்கு, காது சும்மாதான் இருக்கு."

"உன் ஓய்வு நேரத்துல நீ என்ன செய்யுற?"

"இதுதான்."

"எது?"

மனைவி குழாயைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்னோட ஓய்வு நேரம்" என்றார் லிப்ட்காரர்.

"ஆமா. உங்க ஓய்வு நேரத்தைத்தான் நான் செஞ்சிட்டு இருக்கேன்."

அறைக்குள்ளிருந்து மகளின் சிரிப்பு கேட்டது. லிப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, இதை விடு. இதுக்கு முன்னாடி? நான் காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சே?"

"நீந்தினேன்."

"என்னது?"

"நகராட்சி நீச்சல் குளத்துல. ஆறுல இருந்து ஏழு வரைக்கும் லேடீஸ் நேரம். கடை முடிஞ்சு நேரா அங்கதான் போவேன். நாற்பது வயசுலதான் கத்துக்கிட்டேன். அந்தக் கரையில இருந்து இந்தக் கரை வரைக்கும் நிக்காம வருவேன்."

"எனக்குத் தெரியவே தெரியாதே!"

"தலை ஈரமா வருவேன். மழையான்னு கேட்பீங்க. ஆமான்னு சொல்லுவேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கூடவே வந்து, எப்படி நீந்தணும்னு கரையில நின்னு சொல்லித் தருவீங்க."

அவருக்கு நீந்தத் தெரியாது. இருந்தாலும் சொல்லிக்கொடுத்திருப்பார். அது அவருக்கே தெரிந்தது.

"அப்புறம் நீங்க காலேஜ் சேர்ந்தீங்க. 'ஒரு நாள் மட்டும்'னு சொன்னீங்க. ஆறு மணிக்கு இதுங்களுக்குத் தண்ணி மாத்தலைன்னா வாடிடும்னீங்க. நான் தண்ணிக்குள்ள இருந்த நேரத்துல இப்போ உங்க மீனுங்க இருக்கு." மனைவி கடைசி ஜாடியின் அட்டையைச் செருகிவிட்டு எழுந்தார். குழாயைக் கணவரின் கையில் வைத்தார், கோபமில்லாமல், கடையில் வேலை முடித்த கண்ணாடியை வாடிக்கையாளரிடம் கொடுப்பது போல. "நாளையில இருந்து ஆறு மணிக்கு நான் குளத்துல இருப்பேன். எழுதிக்கோங்க, அதுக்குத்தானே வந்தீங்க."

மறுநாள் அவரே தண்ணீர் மாற்றினார். வாயால் உறிஞ்சினார், வாயில் போயிற்று. வேகமாக ஊற்றினார், மீன் சுழன்றது. அட்டையைச் செருக மறந்தார், இரண்டு பரிசு மீன்கள் கண்ணாடி வழியே ஒன்றையொன்று வைதுகொண்டு வால் கிழிந்தன. அறிக்கையில் ஒரு வரி எழுதவில்லை. படிப்பு, வேலை, பொழுதுபோக்கு எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது என்று பேட்டி கொடுத்த மனிதர், முழங்கை வரை நனைந்து, வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கணக்கு எளியது. மீனா, பட்டமா. மீன்களை யாரிடமாவது ஒப்படைத்தால்தான் வெள்ளிக்கிழமைக்குள் எழுத முடியும்.

ஜாடிகளை மரப்பெட்டியில் அடுக்கி, நண்பரின் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சங்க உறுப்பினர்களின் வீடுகளுக்குப் போனார். மீனுக்காக உயிரையும் கொடுப்போம் என்று கூட்டத்தில் பேசியவர்கள் நாலு ஜாடியை வாங்கிக்கொள்ள மாட்டார்களா?

முதல் வீட்டில் உறுப்பினர் ஆவலோடு கையை நீட்டினார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னும் ஒரு ஜாடி உள்ள வந்துச்சு, இருக்கிறதையும் தூக்கி வெளியே வெச்சிடுவேன். மாத்துறது யாரு, நீங்களா?" உறுப்பினர் கையை மடக்கிக்கொண்டு, "இடமில்லை அண்ணே" என்றார்.

இரண்டாவது வீட்டில் வயதான தாய் கதவைத் திறந்தார். ஜாடிகளைப் பார்த்ததும், "ஐயோ சாமி, எனக்கு இடுப்பு போயிடுச்சு" என்று கதவைப் பாதி சாத்தினார். மகன் என்ன ஆனார் என்று கேட்டதற்கு, மீன் கண்காட்சி விஷயமாக வெளியே போயிருப்பதாகச் சொன்னார். மூன்றாவது வீட்டில் அக்கா. தம்பி மீன் வளர்க்கிறாராம், அக்கா தண்ணீர் மாற்றுகிறாராம்.

நாலாவது வீட்டு வாசலில் லிப்ட்காரர் பெட்டியைக் கீழே வைத்தார். மூளையில் ஏதோ ஓர் இணைப்பு சேர்ந்து, விளக்கு எரிந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கதவைத் திறந்த பெண் பெட்டியைப் பார்த்து முகத்தைச் சுளிப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"மீன் கொடுக்க வரலைம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்கணும். இந்த வீட்டுல ஜாடிக்குத் தண்ணி மாத்துறது யாரு?"

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இதைக் கேட்ட முதல் ஆளு நீங்கதான். உள்ள வாங்க, உட்காருங்க."

பிறகு பெட்டியை மறுபடி வண்டியில் ஏற்றிவிட்டு, சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இருந்த எல்லா வீடுகளுக்கும் போனார். ஏற்கெனவே போன வீடுகளுக்குத் திரும்பவும் போனார். உறுப்பினர்களைக் கேட்கவில்லை. கதவைத் திறந்தவர்களைக் கேட்டார். மனைவி, அம்மா, அக்கா, மகள், ஒரு வீட்டில் மருமகள். எல்லோரும் பேசினார்கள், நிறுத்தவே இல்லை. முன்பு என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்குக் கேரம், தையல், கதைப்புத்தகம், பகல் தூக்கம் என்று பெயர் பெயராக வந்தன. தண்ணீரை உறுப்பினரே மாற்றுகிற வீடு ஒன்றுதான். அவர் பிரம்மச்சாரி. அவருடைய மீன்கள் அடிக்கடி செத்துப்போகும். பாவம், கைராசி இல்லாதவர் என்று சங்கம் அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

சேதி தலைவரை எட்டியது. தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். போனில் கத்தினார்.

"என்னய்யா பண்ணிட்டு இருக்கே நீ? என் சம்சாரம் இன்னைக்குக் காலையில குழாயை என் கையில கொடுத்துட்டுப் போயிட்டா! உறுப்பினர் வீட்டுப் பொம்பளைங்களைத் தூண்டி விடுறியா?"

"கேள்விதான் கேட்டேன் தலைவரே."

"கேட்கக் கூடாத கேள்வி! கண்காட்சிப் பக்கம் நீ வந்துடாதே. உன் நீலத்தையும் கொண்டுவராதே."

அந்த நீலத்துக்குத்தான் இந்த வருடப் பரிசு என்று ஊருக்கே தெரியும். லிப்ட்காரர் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜாடிகளைப் பார்த்தார். பிறகு அலங்கார மீன் கடைக்காரரை வரச்சொல்லி, நுரைக்கூட்டுத் தொட்டியைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்தனுப்பினார், நீலத்தையும் சேர்த்து. கடைக்காரர் நீலத்தின் வாலைப் பார்த்து, "இதை யாரு சார் இப்படிக் கிழிச்சது?" என்று கேட்டார். லிப்ட்காரர் அடுத்த ஜாடியை எடுத்துக் கொடுத்தார்.

அறிக்கையை மகள் தட்டச்சு செய்தாள். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொன்னார்.

"ஒரு பதிலாளர், தமது பொழுதுபோக்குக்கான பராமரிப்பு வேலைகள் குடும்பத்தின் மற்றொரு உறுப்பினரால் ஓரளவு பகிர்ந்துகொள்ளப்பட்டதாகத் தெரிவித்தார்..."

மகளின் விரல்கள் நின்றன. "யாருப்பா அந்த ஒரு பதிலாளர்?"

"ஒருத்தர்."

"ஓரளவுன்னா எவ்வளவு?"

லிப்ட்காரர் சன்னல் பக்கம் போய் வந்தார். லிப்ட் கயிற்றில் ஓர் இழை அறுந்திருந்தால்கூடப் பதிவேட்டில் இழை அறுந்திருக்கிறது என்றுதான் எழுதுவார். ஓரளவு தேய்மானம் என்று எழுதுகிற மெக்கானிக்குகளை அவருக்குப் பிடிக்காது.

"அதை அழிச்சிடு. கல்லூரியில் சேர்ந்த பிறகு, ஆய்வாளரின் வீட்டில் மீன்களுக்கு ஆய்வாளர் ஒரே ஒரு நாள்தான் தண்ணீர் மாற்றினார். அப்படிப் போடு."

"நிஜமாவா?"

"போடும்மா, மறுபடி கேட்டா மாத்திச் சொல்லிடுவேன்."

தலைப்பையும் மாற்றினார். பழைய தலைப்பில் நகர மக்கள் எல்லோரும் இருந்தார்கள். இதில் இருப்பவர்கள் மீன் சங்க வீட்டார் மட்டும்தான். புதிய தலைப்பு: மீன் வளர்ப்போர் சங்க உறுப்பினர் வீடுகளில் ஓய்வு நேரம் யாருக்கு? லிப்ட் வேலைக்குப் போன இடங்களில் கிடைத்த பதில்களைக் கடைசியில் தனியாக வைத்து, இவற்றை வைத்து முடிவு சொல்ல முடியாது என்றும் எழுதினார். நன்றிப் பக்கத்தில் மனைவிக்கு நாலு வரி போட்டு அதை அவரிடம் காட்டினார். மனைவி அப்போதுதான் குளத்திலிருந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். "இதை எடுத்துடுங்க."

"ஏன்?"

"நன்றி சொல்லிட்டா கணக்குத் தீர்ந்துடும். தீர வேண்டாம், இருக்கட்டும். அந்தத் தொட்டியில குஞ்சு நீந்த ஆரம்பிச்சிடுச்சு. அப்பனை வெளியே எடுங்க, இல்லேன்னா தின்னுடும்."

அவர் அந்தப் பக்கத்தை எடுத்தார். அப்பனையும் எடுத்தார், அதிகம் சிந்தாமல்.

வெள்ளிக்கிழமை மாலை ஓர் ஆஸ்பத்திரி லிப்ட் அவரைத் தாமதமாக்கிவிட்டது. ஆபீஸ் மூடுகிற நேரத்தை நெருங்கித்தான் கல்லூரிக்கு வந்தார், சீருடையோடு, அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு பிடித்தபடி. கீழ்த்தளத்தில் லிப்டுக்கு முன்னால் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றிருந்தது.

"அங்கிள் வந்துட்டாரு! அங்கிள், ஒரே நிமிஷம், பார்த்துடுங்க!"

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"இல்ல அங்கிள், காலிதான்."

நின்றுபோன லிப்டைத் திறந்து பார்க்காமல் அவர் தாண்டிப்போனதில்லை. கல்யாண வீட்டிலும் பார்த்திருக்கிறார், துக்க வீட்டிலும் பார்த்திருக்கிறார். கால் ஒரு கணம் நின்றது. கை தானாகச் சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டது. பிறகு கையை வெளியே எடுத்துவிட்டுப் படியேறினார்.

"என்ன அங்கிள், பார்க்காம போறீங்க?"

"கம்பெனிக்குப் போன் பண்ணுங்கடா. ஆள் வருவான்."

மேல்மாடியை அடைந்தபோது மூச்சு இரைத்தது. இத்தனை காலமும் அடுத்தவர்களைப் படியேறவிடாமல் காப்பாற்றியவருக்கு இத்தனை படிகள் பழக்கமில்லை. மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேஜை இழுப்பறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் பூட்டுவதை நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆபீஸ் இன்னும் திறந்திருக்கு. உட்காருங்க சார், முதல்ல மூச்சு விடுங்க."

"விடுறேன் மேடம். முதல்ல இதைப் பாருங்க."

மேடம் தலைப்பைப் படித்தார். உட்கார்ந்தார். பையைத் தோளிலிருந்து இறக்காமலே முதல் பக்கத்தைப் படித்தார், பிறகு கடைசிப் பக்கத்தை. நடுவில் ஓரிடத்தில் நின்று, அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"அதே சங்கத்துக்குத்தானே போயிருக்கீங்க?"

"அதே வீடுதான் மேடம். வேற ஆளைக் கேட்டேன்."

"இந்த ஆய்வாளர்னு எழுதியிருக்கிறது... நீங்கதானே?"

"நான்தான்."

"இதை அப்படியே விடலாமா? வெளியாளுங்க படிப்பாங்க."

"விடுங்க மேடம். அழிக்கச் சொன்னா, நான் அழிச்சிடுவேன்."

மேடம் சிரிக்கவில்லை. "இப்போ தலைப்பு பொய் சொல்லலை" என்றார். "ரெண்டு இடத்துல கணக்கு தப்பு, அட்டவணை கோணலா இருக்கு, அதுக்கு மார்க் குறைப்பேன்."

"குறைங்க."

கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். லிப்ட்காரர் அதை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடியிலிருந்த ஆபீஸ் சன்னலுக்குப் போனார். குமாஸ்தா ஒரு பாதிக் கதவை ஏற்கெனவே சாத்தியிருந்தார். மறுபாதியின் கொக்கியில் கை வைத்திருந்தார்.

"என்ன சார், கடைசி நேரத்துல!"

லிப்ட்காரர் உறையைத் துடைத்தார். கையில் இருந்த கிரீஸ் உறையின் ஓரத்தில் பட்டிருந்தது. அந்தப் பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்து, திறந்திருந்த பாதிச் சன்னல் வழியாக இரண்டு கையாலும் நீட்டினார். குமாஸ்தா வாங்கிக்கொண்டார்.